நில் என்று சொல்லலாம், கழுத்தைப் பிடிக்கக் கூடாது: த்ரெட்களை நிறுத்தக் கற்ற கதை

போன பதிவில் காசோலை பிறந்த கதையை எழுதியிருந்தேன். இந்த முறை கொஞ்சம் தடம் மாறி கம்ப்யூட்டர் பக்கம் போகிறேன். "பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று வகுப்பில் கேட்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை: இதுவும் கணக்குப் புத்தகம் பற்றிய பதிவுதான். எப்படி என்று போகப் போகத் தெரியும். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்கள் தெரிந்த பகுதிகளைத் தாண்டிப் படிக்கலாம்.

முதலில் என் சொந்தக் கதை ஒன்று.

கணக்கு உதைத்த கதை

போன வருடம் கோடை விடுமுறையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எடுபிடி வேலைக்குப் போனேன். அங்கே ஓர் அக்கா வவுச்சர்களை எல்லாம் பார்த்து எக்செல் சீட்டில் அடிப்பார். அதிலிருந்து லெட்ஜருக்குப் பதிவது இன்னொரு வேலை. எனக்கு ஜாவா அரைகுறையாகத் தெரியும். "நான் ஒரு புரோகிராம் எழுதித் தரேன்க்கா, தானா பதிஞ்சுக்கும்" என்று பந்தா விட்டேன். ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதியும் கொடுத்துவிட்டேன்.

புரோகிராம் சின்னதுதான். சீட்டிலிருந்து ஒரு வவுச்சரை எடுக்கும். டெபிட் கணக்கில் தொகையைக் கூட்டும். டே புக் கோப்பில் ஒரு வரி எழுதும். பிறகு கிரெடிட் கணக்கில் கூட்டும். அடுத்த வவுச்சருக்குப் போகும். திரை உறைந்து நிற்கக் கூடாது என்பதற்காக இந்த வேலையைத் தனி த்ரெட்டில் ஓடவிட்டிருந்தேன். அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர் அரதப் பழசு. அதில் இருந்தது ஜாவா 8. யாராவது பிரிண்ட் எடுக்க வந்தால் எல்லாம் ஆமை வேகத்தில் நகரும். அதற்காக 'நிறுத்து' என்று ஒரு பட்டன் வைத்தேன். அழுத்தினால் த்ரெட் நின்றுவிடும். பிரிண்ட் முடிந்ததும் 'தொடங்கு' அழுத்தினால் அடுத்த வவுச்சரிலிருந்து ஓடும். அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு வரி: ஜாவாவின் த்ரெட்.ஸ்டாப்.

மாதக் கடைசியில் டிரயல் பேலன்ஸ் எடுத்தால் 4,350 ரூபாய் உதைத்தது. டெபிட் பக்கம் அதிகம்.

காமர்ஸ் மக்களுக்கு அடுத்து என்ன என்று தெரியும். 4,350-க்கு ஒரு வவுச்சர் இருக்கிறதா? இல்லை. பாதித் தொகை தப்பான பக்கம் ஏறியிருக்குமோ என்று 2,175-ஐத் தேடு. இல்லை. ஒன்பதால் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும். வகுபடவும் இல்லை. கடைசியில் அக்கா மூன்று நாள் மாலை ஆறரை வரை உட்கார்ந்து ஒவ்வொரு வவுச்சராக டிக் அடித்துக்கொண்டே வந்தார். 2,860-க்கு ஒன்று, 1,490-க்கு ஒன்று. இரண்டிலும் டெபிட் ஏறியிருக்கிறது, கிரெடிட் ஏறவில்லை. கூட்டினால் 4,350.

"என்டரி போடும்போது கவனம் வேண்டாமா?" என்றார் ஆடிட்டர் சார். சீட்டில் இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் புரோகிராமை யாரும் சந்தேகப்படவில்லை. கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுமா என்ன! "நான்தான் எங்கயோ விட்டிருப்பேன் தம்பி" என்றார் அக்கா. நானும் தலையாட்டினேன்.

இது நடந்து சில மாதம் கழித்து அதே புரோகிராமை என் லேப்டாப்பில் ஓட்டினேன். அதில் ஜாவா 21. 'நிறுத்து' அழுத்தினால் த்ரெட் நிற்கவில்லை. "இந்தச் செயல் ஆதரிக்கப்படவில்லை" என்கிற அர்த்தத்தில் ஓர் எக்ஸெப்ஷன் வந்து விழுந்தது. நன்றாக இருந்த ஒன்றை ஏன் பிடுங்கினார்கள் என்று எரிச்சலோடு தேட ஆரம்பித்தேன். தேடியதில் அந்த 4,350 ரூபாய்க்கும் விடை கிடைத்தது.

த்ரெட்டும் பூட்டும்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு புரோகிராமுக்குள்ளேயே ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓட வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் ஒரு த்ரெட்டிடம் கொடுப்பார்கள். தமிழில் 'இழை' என்கிறார்கள். ஒரே கடையில் நான்கு குமாஸ்தாக்கள் மாதிரி. நான்கு பேருக்கும் லெட்ஜர் ஒன்றுதான். இரண்டு பேர் ஒரே பக்கத்தில் ஒரே சமயம் எழுதினால் கணக்கு நாசம். அதனால் எழுதுகிறவர் லெட்ஜர் அறையைப் பூட்டிக்கொண்டு எழுத வேண்டும், முடித்ததும் திறந்துவிட வேண்டும்.

இந்தப் பூட்டுச் சிக்கலை 1965-லேயே எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்கிற டச்சுக்காரர் கணிதமாக எழுதிக் காட்டினார். 1974-இல் டோனி ஹோர் 'மானிட்டர்' என்கிற யோசனையை விரிவாக வெளியிட்டார். தரவையும் அதன் பூட்டையும் ஒரே பெட்டிக்குள் வைப்பதுதான் அது. ஜாவாவில் 'சிங்க்ரனைஸ்டு' என்று எழுதுகிறோமே, அது இந்த மானிட்டரின் வாரிசு.

பூட்டு எதற்கு என்பதைக் கவனியுங்கள். உள்ளே வேலை நடக்கும்போது கணக்கு சிறிது நேரம் தப்பாகத்தான் இருக்கும். டெபிட் போட்டாயிற்று, கிரெடிட் இன்னும் போடவில்லை. அந்தக் கணத்தில் ஐந்தொகை எடுத்தால் உதைக்கும். அந்தப் பாதி நிலையை வெளியாள் பார்க்கக் கூடாது என்பதற்குத்தான் பூட்டு. 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி அச்சிட்ட புத்தகத்திலிருந்து நாம் படித்துவரும் இரட்டைப் பதிவு முறையின் அடிப்படையும் இதுதானே. ஒரு நடவடிக்கைக்கு இரண்டு கால். ஒரு காலை மட்டும் வைத்துவிட்டுப் போக முடியாது.

1996: நிறுத்து பட்டன் வந்தது

1996 ஜனவரியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவா 1.0-ஐ வெளியிட்டது. மொழிக்குள்ளேயே த்ரெட்டை வைத்திருந்தது அதன் பெரிய கவர்ச்சி. தொடங்க 'ஸ்டார்ட்', நிறுத்த 'ஸ்டாப்', தூங்க வைக்க 'சஸ்பெண்ட்', எழுப்ப 'ரெஸ்யூம்'. டேப் ரிக்கார்டர் பட்டன் மாதிரி! பார்க்க அவ்வளவு சுலபம்.

ஸ்டாப் எப்படி வேலை செய்தது? நிறுத்த வேண்டிய த்ரெட்டுக்குள் 'த்ரெட்டெத்' என்று ஒரு பிழையை வெளியிலிருந்து எறியும். அந்த த்ரெட் எந்த வரியில் இருந்தாலும் அங்கேயே அது வெடிக்கும். அங்கிருந்து ஒவ்வொரு படியாக வெளியேறி த்ரெட் முடிந்துபோகும். வெளியேறும் வழியில் அது பிடித்து வைத்திருந்த பூட்டுகள் எல்லாம் திறந்துகொள்ளும்.

பூட்டு திறப்பது நல்லதுதானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. வினையே அங்கேதான்.

1998: வேண்டாம் என்றார்கள்

1998 டிசம்பரில் ஜாவா 1.2 வந்தபோது ஸ்டாப், சஸ்பெண்ட், ரெஸ்யூம் மூன்றையும் 'இனி பயன்படுத்த வேண்டாம்' பட்டியலில் சேர்த்தார்கள். வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஏன் என்று தனியாக ஒரு விளக்கக் குறிப்பும் எழுதினார்கள். அதில் சொன்ன காரணங்களை நம் லெட்ஜர் பாஷையில் சொல்கிறேன்.

குமாஸ்தா அறையைப் பூட்டிக்கொண்டு டெபிட் எழுதிவிட்டார். கிரெடிட் எழுதப் பேனாவை எடுக்கிறார். அந்த நொடியில் முதலாளி அவரைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டுக் கதவையும் திறந்து வைக்கிறார். அடுத்த குமாஸ்தா உள்ளே வருகிறார். அவருக்கு என்ன தெரியும்? கதவு திறந்திருக்கிறது, அப்படியானால் கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று நம்பித் தொடர்கிறார். பாதி என்டரி அப்படியே நிரந்தரமாகிவிடுகிறது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. சாதாரணமாக ஒரு த்ரெட் பிழையால் செத்தால் ஜாவா சிவப்பு எழுத்தில் புலம்பித் தீர்க்கும். த்ரெட்டெத்துக்கு மட்டும் அந்தப் புலம்பல் கிடையாது. வேண்டுமென்றே நிறுத்தியதுதானே, எதற்குச் செய்தி என்று விட்டுவிட்டார்கள். ஆகவே கெட்டுப்போன கணக்கு பற்றி ஒரு வரிகூடத் திரையில் வராது. பல மணி நேரமோ பல நாளோ கழித்து வேறு எங்கேயோ உதைக்கும்.

என் புரோகிராம் செய்தது அச்சு அசலாக இதைத்தான். டெபிட்டுக்கும் கிரெடிட்டுக்கும் நடுவே டே புக் கோப்பில் ஒரு வரி எழுதியது என்றேன் அல்லவா? அந்தப் பழைய கம்ப்யூட்டரில் அதுதான் இருப்பதிலேயே மெதுவான வேலை. எனவே த்ரெட் பெரும்பாலான நேரம் இரண்டுக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருக்கும். 'நிறுத்து' அழுத்தினால் அங்கே மாட்டத்தான் வாய்ப்பு அதிகம். போதாக்குறைக்கு 'எத்தனையாவது வவுச்சர்' என்கிற எண்ணிக்கையை வேலை தொடங்கும்போதே கூட்டி வைத்திருந்தேன். அதனால் மறுபடி தொடங்கினால் பாதியில் நின்ற வவுச்சரை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். அந்த இரண்டு வவுச்சரும் அப்படிப் போனவைதான்.

த்ரெட்டெத்தைப் பிடித்து, மீதி கிரெடிட்டையும் எழுதிவிட்டுச் சாகும்படி செய்ய முடியாதா? ஏட்டில் முடியும். ஆனால் அது எந்த வரியில் வேண்டுமானாலும் வெடிக்கலாம் என்பதால் ஒவ்வொரு வரிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் த்ரெட்டெத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது ஒன்று வந்து விழலாம். நடைமுறையில் ஆகாத காரியம் என்று அந்தக் குறிப்பே சொல்லிவிட்டது.

சாவியோடு செத்தவர்கள்

பூட்டைத் திறப்பதால்தான் வம்பு என்றால் திறக்காமல் விட்டால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஜாவாவின் சஸ்பெண்ட் அந்த ரகம். த்ரெட்டை இருந்த இடத்திலேயே உறைய வைக்கும். பூட்டு அதன் கையிலேயே இருக்கும். அதை எழுப்ப வேண்டிய த்ரெட்டுக்கு அதே பூட்டு தேவைப்பட்டால் கதை முடிந்தது. இவர் அவருக்காகக் காத்திருக்க, அவர் இவருக்காகக் காத்திருக்க, இரண்டு பேரும் யுகக் கணக்கில் நிற்பார்கள். இதற்குத்தான் டெட்லாக் என்று பெயர்.

விண்டோஸில் 'டெர்மினேட்த்ரெட்' என்று ஒன்று உண்டு. ஜாவாவின் ஸ்டாப்பாவது வெளியேறும் வழியில் கொஞ்சம் துப்புரவு பார்க்கும். இது அதுவும் இல்லை, கண்ட இடத்தில் காலி. செத்தவர் கையில் ஒரு கிரிட்டிக்கல் செக்‌ஷன் இருந்தால் அது திறக்கவே திறக்காது. நினைவகம் ஒதுக்கும் பூட்டை வைத்திருந்த நேரத்தில் செத்தால் மற்ற த்ரெட்கள் நினைவகம் கேட்டு நிற்கும், கிடைக்கவே கிடைக்காது. மைக்ரோசாஃப்டின் கையேடே 'வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய இதைத் தொடாதே' என்கிற தொனியில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆக, வெளியிலிருந்து கொன்றால் இரண்டில் ஒன்று. கதவைத் திறந்து போட்டு அலங்கோலத்தை விட்டுச் செல்லும். இல்லையென்றால் சாவியை மடியில் கட்டிக்கொண்டு செத்துப்போகும். மூன்றாவது நல்ல வழி கிடையாது. எந்த இடத்தில் நின்றால் கணக்கு சரியாக இருக்கும் என்பது அந்த வேலையைச் செய்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். வெளியே நிற்கிறவருக்குத் தெரியவே தெரியாது. நான் இந்த வரலாற்றிலிருந்து தெரிந்துகொண்டது இந்த ஒரு விஷயம்தான். மீதி எல்லாம் இதன் விரிவுரை.

முன்பே சொன்னவர் இருக்கிறார்

ஆச்சரியம் என்னவென்றால் ஜாவா வருவதற்கு ஏழு வருடம் முன்பே ஒருவர் சரியான வழியை எழுதி வைத்துவிட்டார். ஆண்ட்ரூ பிரெல் என்பவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தார். 1989 ஜனவரியில் த்ரெட் நிரலாக்கத்துக்கு ஓர் அறிமுகக் கட்டுரை வெளியிட்டார். அதில் 'அலர்ட்' என்று ஒன்று வரும். ஒரு த்ரெட்டைக் கொல்லாது, "நிறுத்தச் சொல்கிறார்கள்" என்று காதில் போட்டுவிடும். அவ்வளவுதான். அந்த த்ரெட் தனக்கு வசதியான இடத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும். ஏதாவது வருமென்று காத்துத் தூங்கிக்கொண்டிருந்தால் மட்டும் உடனே எழுப்பப்படும்.

1995-இல் யுனிக்ஸ் உலகத்துக்காக வந்த போசிக்ஸ் த்ரெட் தரநிலை ஒரு நடுவழியைப் பிடித்தது. அதில் ஒரு த்ரெட்டை 'கேன்சல்' செய்யலாம். ஆனால் சாதாரண அமைப்பில் அது உடனே சாகாது. படிப்பது, தூங்குவது, காத்திருப்பது என்று குறிப்பிட்ட சில இடங்களுக்கு வரும்போதுதான் சாகும். சாகும் முன் செய்ய வேண்டிய துப்புரவு வேலைகளை முன்கூட்டியே அடுக்கி வைக்கலாம். கேன்சலைத் தற்காலிகமாகத் தடுத்தும் வைக்கலாம். யோசித்துச் செய்த ஏற்பாடுதான். ஆனால் எந்தெந்த அழைப்பு கேன்சல் இடம் என்பதை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு துப்புரவை அடுக்க மறந்தால் பூட்டு போனதுதான். ஆண்ட்ராய்டு தன் சி நூலகத்தில் இந்தக் கேன்சலைச் சேர்க்கவே இல்லை.

மறுபடியும் அதே பள்ளம்

ஜாவாவின் அனுபவம் கண்முன்னே இருக்க, 2002-இல் வந்த மைக்ரோசாஃப்டின் டாட் நெட் 'த்ரெட்.அபார்ட்' என்று ஒன்றைக் கொடுத்தது. பெயர்தான் வேறு. இதுவும் த்ரெட்டுக்குள் ஓர் எக்ஸெப்ஷனை எறிகிற வேலைதான்.

அதற்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே வந்தார்கள். 2005-இல் வந்த 2.0 பதிப்பில், ஒரு த்ரெட் தன் துப்புரவுப் பகுதிக்குள் இருக்கும்போது அபார்ட் வெளியே காத்திருக்கும்படி செய்தார்கள். அப்புறமும் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. பூட்டைப் பிடித்த கணத்துக்கும் "இதைத் திறந்துவிடுவேன்" என்கிற ஏற்பாடு தொடங்கும் கணத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வரலாம். அந்த நேரத்தில் அபார்ட் வந்தால் பூட்டு அம்போ. 2010-இல் வந்த சி ஷார்ப் 4-இல் பூட்டு எழுதப்படும் முறையையே மாற்றி அந்த இடைவெளியை அடைத்தார்கள். அடைத்தால் பூட்டு திறக்கும். ஆனால் உள்ளே இருக்கும் கணக்கு பாதியில் நிற்குமே? பழைய ஜாவா பிரச்சினை திரும்பி வந்து சிரித்தது. கடைசியில் 2020-இல் வந்த டாட் நெட் 5 'அபார்ட் வழக்கொழிந்தது' என்று எச்சரிக்கையே கொடுக்க ஆரம்பித்தது. கூப்பிட்டால் எக்ஸெப்ஷன்தான் வரும்.

கொல்லலாம் என்ற மொழி

நியாயமாக எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். 1986 வாக்கில் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் அவர் கூட்டாளிகளும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்காக எர்லாங் என்கிற மொழியை உருவாக்கினார்கள். அதில் ஒரு வேலையாளை இன்னொருவர் தாராளமாகக் கொல்லலாம். எப்படி? அங்கே பொது லெட்ஜரே கிடையாது. ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் தனி நோட்டு. மற்றவரோடு பேச வேண்டுமானால் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். ஒருவர் செத்தால் அவர் நோட்டும் அவரோடு போய்விடும், மேற்பார்வையாளர் புது ஆளைப் போடுவார்.

ஜாவா தன் ஸ்டாப்பை ஒதுக்கிய அதே 1998-இல்தான் எர்லாங் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இவ்வளவு தைரியமான எர்லாங்கிலும் மேற்பார்வையாளர் ஒரு வேலையாளை எடுத்ததும் கொல்வதில்லை. முதலில் "முடித்துக்கொள்" என்று சொல்லிவிட்டு, பொதுவாக ஐந்து விநாடி பொறுப்பார். அதற்குள் முடிக்காவிட்டால்தான் வெட்டு. யுனிக்ஸ் புரோகிராம்களை நிறுத்துவதும் இதே வரிசைதான். முதலில் 15-ஆம் எண் சிக்னல், அது வேண்டுகோள். அப்புறம் 9-ஆம் எண், அது வெட்டு. டாக்கர் 10 விநாடியும் குபர்நெட்டிஸ் 30 விநாடியும் அவகாசம் கொடுப்பது அவற்றின் வழக்கமான அமைப்பு.

அப்புறம் எப்படித்தான் நிறுத்துவது?

வேண்டுகோள்தான். ஆனால் அதைச் சரியாக வைப்பதற்கே ஒரு தனி வரலாறு இருக்கிறது.

முதல் யோசனை ஒரு கொடி. 'நிறுத்து' என்று ஒரு மாறி. த்ரெட் ஒவ்வொரு வவுச்சர் முடிந்ததும் அதைப் பார்க்கும், உண்மை என்றால் தானே முடித்துக்கொள்ளும். அருமை. ஆனால் சில சமயம் கொடியை ஏற்றினாலும் த்ரெட் ஓடிக்கொண்டே இருக்கும்! காரணம், வேகப்படுத்தும் கம்பைலர். "இந்தச் சுழலுக்குள் யாரும் இந்தக் கொடியை மாற்றவில்லையே, ஒவ்வொரு முறையும் ஏன் பார்ப்பது?" என்று ஒரே ஒரு தடவை படித்துவிட்டு நிரந்தரமாகச் சுற்ற விட்டுவிடும். ஜாஷுவா பிளாக் தன் 'எஃபெக்டிவ் ஜாவா' புத்தகத்தின் 2008 பதிப்பில் இதை ஓர் உதாரணமாகவே வைத்திருக்கிறார். மாறியை 'வாலடைல்' என்று குறித்தால் இந்தச் சிக்கல் தீரும். ஒரு த்ரெட் எழுதியது இன்னொன்றுக்கு எப்போது தெரிய வேண்டும் என்கிற விதிகளை 2004-இல் ஜாவா 5 திருத்தி எழுதியது.

இரண்டாவது சிக்கல் தூக்கம். அடுத்த வவுச்சர் வரட்டும் என்று வரிசையின் முன்னால் தூங்கும் த்ரெட் கொடியை எப்படிப் பார்க்கும்? இதற்குத்தான் ஜாவாவின் 'இன்டரப்ட்'. பெயர் முரட்டுத்தனமாக இருந்தாலும் குணம் பிரெல்லின் அலர்ட்தான். தூங்குகிறவரை எழுப்பும், விழித்திருப்பவருக்கு ஒரு குறிப்பு மட்டும் வைக்கும். அப்படி எழுப்பும்போது வருகிற எக்ஸெப்ஷனைப் பிடித்து, ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடுவது நம்மில் பலர் செய்யும் தப்பு. தபாலை வாங்கிப் படிக்காமல் கிழித்துப் போடுவது மாதிரி. பிறகு அந்த த்ரெட்டுக்குச் செய்தி போய்ச் சேரவே சேராது.

மூன்றாவது வழி 'விஷ மாத்திரை'. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வரிசையின் கடைசியில் 'இதோடு முடிந்தது' என்று ஒரு போலி வவுச்சரை வைத்துவிடுவது. த்ரெட் முன்னால் இருக்கும் உண்மையான வவுச்சர்களை எல்லாம் முடித்துவிட்டு அதைப் பார்த்ததும் வீட்டுக்குப் போகும்.

எந்த வழியில் சொன்னாலும் கடைசியாக ஒரு வேலை பாக்கி. சொல்லிவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது, அது முடியும் வரை காத்திருக்க வேண்டும். 'ஜாயின்' என்பது அதற்குத்தான். கடை சாத்தும்போது "எல்லாரும் வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதானே ஷட்டரை இறக்குகிறோம்?

எல்லா மொழியும் ஓர் இடத்துக்கு வந்தது

2010-இல் டாட் நெட் 4 'கேன்சலேஷன் டோக்கன்' கொண்டுவந்தது. வேலையைக் கொடுக்கும்போதே ஒரு டோக்கனையும் கொடுத்துவிடுவது, வேண்டாம் என்றால் டோக்கனில் குறிப்பது. கோ மொழியில் ஒரு கோரூட்டீனை வெளியிலிருந்து கொல்ல வழியே கிடையாது. 2016-இல் வந்த 1.7 பதிப்பில் 'கான்டெக்ஸ்ட்' என்ற பெயரில் வேண்டுகோள் முறையைத் தன் நூலகத்தில் சேர்த்துக்கொண்டது. சி++ 2011-இல் த்ரெட்டைக் கொண்டுவந்தபோது நிறுத்தும் வசதியே வைக்கவில்லை. 2020 தரநிலையில்தான் 'ஸ்டாப் டோக்கன்' வந்தது. கூடவே வந்த 'ஜேத்ரெட்' தன் ஆயுள் முடியும்போது நிற்கச் சொல்லி, நிற்கும்வரை தானே காத்தும் இருக்கும்.

வேறு வேறு நிறுவனம், வேறு வேறு மனிதர்கள். சுற்றி வந்து சேர்ந்தது பிரெல் 1989-இல் நின்ற இடத்துக்கு.

ஜாவா? 'வேண்டாம்' என்று 1998-இல் சொன்னாலும் பழைய புரோகிராம்கள் உடைந்துவிடக் கூடாதே என்று ஸ்டாப்பை ஓடவிட்டுத்தான் வைத்திருந்தார்கள். 2023 மார்ச்சில் வந்த ஜாவா 20-இல்தான் கூப்பிட்டால் எக்ஸெப்ஷன் வரும்படி மாற்றினார்கள். இருபத்து நான்கு வருடத்துக்கு மேல் எச்சரிக்கைப் பலகை மட்டும் தொங்கியது, பள்ளம் மூடப்படவில்லை. என்னைப் போல் பலகையைப் படிக்காதவர்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். என் லேப்டாப்பில் வந்த எக்ஸெப்ஷன் அந்தப் பள்ளத்தின் மேல் போட்ட மூடி. நான் அதைத்தான் திட்டியிருக்கிறேன்.

திரும்ப ஆபீஸுக்கு

எல்லாம் புரிந்த பிறகு ஒரு சனிக்கிழமை அந்த ஆபீஸுக்குப் போனேன். இரண்டு வவுச்சரையும் எடுத்து வைத்து, டெபிட் எங்கே ஏறியது, எந்த இடத்தில் த்ரெட் செத்தது, ஏன் திரையில் ஒன்றும் வரவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். த்ரெட்டெத் எல்லாம் அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. ஒன்று மட்டும் கேட்டார்: "அப்ப நான் விடலையா தம்பி?"

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் அடிச்சிருந்தீங்க. என் புரோகிராம்தான் விட்டுது."

அதையே ஆடிட்டர் சாரிடமும் போய்ச் சொன்னேன். திட்டு விழுந்தது. விழ வேண்டியதுதான்.

அன்றைக்கே அங்கேயே உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினேன். ஸ்டாப் வரியை எடுத்துவிட்டு வாலடைல் கொடி வைத்தேன். டெபிட், டே புக், கிரெடிட் மூன்றும் முடிந்து அடுத்த வவுச்சருக்குப் போகும் முன்தான் த்ரெட் அதைப் பார்க்கும். எண்ணிக்கையும் கிரெடிட்டுக்குப் பிறகுதான் கூடும். 'நிறுத்து' அழுத்தினால் இப்போது உடனே நிற்காது. "இந்த வவுச்சர் முடிகிறது, பொறுக்கவும்" என்று ஒரு வரி வரும். பழைய கம்ப்யூட்டர் என்பதால் ஓரிரு விநாடி ஆகும். பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் கொஞ்சம் முணுமுணுக்கிறார்களாம். முணுமுணுக்கட்டும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யாராவது பின்னூட்டத்தில் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அப்போது யாரிடமும் வேண்டுகோள் வைக்க முடியாது. அதற்குத்தான் டேட்டாபேஸ்காரர்கள் 'முழுதும் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது' என்கிற பரிவர்த்தனை முறையைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கதைக்குத் தனிப் பதிவு வேண்டும். செமஸ்டர் பரீட்சை முடியட்டும், எழுதுகிறேன்.

தப்பு இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். யாராவது பழைய புத்தகத்தைப் பார்த்து ஸ்டாப் எழுதி வைத்திருந்தால், போய் ஒரு தடவை டிரயல் பேலன்ஸ் எடுத்துப் பாருங்கள் :-)